டபிள் பேஸும் அதன் இயந்திர நிழலும்

ஜாஸ் இசைக்குழுவொன்றைக் கேட்கும்போது நம் செவி முதலில் எக்காளத்தையும் பியானோவையுமே நாடும். அவற்றின் அடியில் ஓயாது நடந்துகொண்டிருக்கும் டபிள் பேஸ் என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தைத் தனித்துக் கவனிப்போர் சிலரே. ஆயினும் அது நின்றுவிட்டால், வீட்டின் அத்திவாரத்தைப் பெயர்த்தெடுத்தது போல் முழு இசையும் தளர்ந்துவிடும்.

ஆளுயரமான இவ்வாத்தியத்தை வாங்கிப் பேணுவது எளிதன்று. அதனை வாசிக்க வல்லவரும் எல்லா ஊர்களிலும் இல்லை. ஆகவே வீட்டிலிருந்தே ஜாஸ் இசையை அமைப்போர் பலர் இன்று கணினிக்குள் அடங்கிய பேஸ் ஒன்றைத் துணைக்கொள்கின்றனர். இத்தகைய கணினி வாத்தியங்கள் பல விற்பனைக்கு உள்ளன. அவற்றுள் எதனைத் தெரிவது என்ற வினாவுக்கு விலைப்பட்டியலைவிட வரலாறே நல்ல விடை தரும் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1917ஆம் ஆண்டில் ஒறிஜினல் டிக்சிலண்ட் ஜாஸ் பாண்ட் என்ற குழுவினர் வெளியிட்ட இசைத்தட்டே முதலாவது ஜாஸ் இசைத்தட்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதில் கோர்ணற், கிளாரினெற், துரொம்போன், பியானோ, முரசு என்பன உண்டு. டபிள் பேஸ் இல்லை. அக்காலத்தில் ஒலிப்பதிவு, புனல் போன்ற பெருங்குழலொன்றின் முன்னின்று வாசிப்பதன் மூலமே நடைபெற்றது. ஆழ்ந்த ஒலியைப் பற்றும் வலிமை அக்குழலுக்குப் போதவில்லை. அதனால் பல குழுக்களில் தாழ்ந்த சுரங்களை ஊதுவதற்குத் தியூபா என்னும் பெரிய பித்தளைக் கருவி பயன்பட்டது. 1925இல் ஒலிவாங்கியைக் கொண்டு மின்சார முறையில் பதிவு செய்யும் வழக்கம் இசைத்தட்டுத் தொழிலுக்கு வந்தது. டபிள் பேஸின் குரல் உலகுக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே.

பொப்ஸ் பொஸ்டர், வெல்மன் பிரோ முதலிய பழைய கலைஞர்கள் ஒலிபெருக்கியின் துணையின்றி நடன மண்டபங்களில் வாசித்துப் பழகியவர்கள். விலங்கின் குடலிலிருந்து திரித்த தடித்த நரம்பை வலித்திழுத்து, அது விரற்பலகையில் அறையும்படி விடுவது அவர்கள் கைக்கொண்ட முறை. அந்த ஒலி அழுத்தமாக எழுந்து விரைவில் அடங்கும். 1930களில் கவுண்ற் பேசியின் குழுவில் வோல்ட்டர் பேஜ், ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரமாக, நான்கு அடிகளையும் சமநிலையில் நடத்திச் செல்லும் முறையை மேன்மைப்படுத்தினார். ஒருவர் நிதானமாக நடந்து செல்வது போன்ற இதனை நடைபேஸ் எனலாம். முரசு வாசிப்பவரின் வலக்காற் சுமையை இது பெரிதும் குறைத்தது.

அடுத்து வந்தவர் ஜிம்மி பிளாண்டன். 1918இல் பிறந்த இவர், 1939இல் டியூக் எலிங்டனின் குழுவிற் சேர்ந்தார். அதுவரை பின்னணியில் நின்ற பேஸைக் கொண்டு எக்காளம் போலத் தனிப்பாட்டு வாசிக்கலாம் என்பதை நிலைநாட்டினார். எலிங்டனின் பியானோவும் இவரது பேஸும் மட்டுமே கொண்ட இசைத்தட்டுகளும் வெளிவந்தன. 1942இல், தமது இருபத்து மூன்றாம் வயதில், காசநோயால் இவர் மறைந்தார். எலிங்டனுடன் மூன்றாண்டு தானும் நிறையாத இசைவாழ்வு அது. ஆயினும் பின்வந்த பேஸ் கலைஞர்கள் பலர் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டே கற்றனர். 1959இல் மைல்ஸ் டேவிசின் புகழ்பெற்ற இசைத்தட்டில் போல் சேம்பர்ஸின் பேஸ் முன்னின்று பேச, மற்றைய கருவிகள் மறுமொழி கூறுகின்றன. 1961 யூன் 25ஆம் நாள் பில் எவன்ஸுடன் நியூயோர்க்கில் வாசித்த ஸ்கொட் லபாறோ, பியானோவோடு உரையாடும் பேஸை நமக்கு விட்டுச்சென்று, பதினொரு நாட்களின் பின் வீதி விபத்தில் மாண்டார்.

இக்காலத்திற்குள் குடல்நரம்பின் இடத்தை உருக்கு நரம்பு பற்றத் தொடங்கியிருந்தது, ஒலி நீண்டது. 1970களில், வாத்தியத்தின் உடலிற் பொருத்திய சிறு மின்கருவி வழியாக ஒலியை எடுக்கும் வழக்கம் பரவ, அதன் குரல் மேலும் மாறியது. ஆகவே டபிள் பேஸ் என்ற ஒரே பெயரின் கீழ் பல காலத்துக் குரல்கள் உள்ளன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். 1951இல் லியோ பெண்டர் தமது மின்சார பேஸை வெளியிட்டார். தோளில் மாட்டக்கூடிய அதனைப் பலரும் விரும்பினர். ஆனால் அது வேறொரு வாத்தியமே; பழையதன் பிரதியன்று. 1963இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிற் பிறந்த மெலோட்ரோன், ஒவ்வொரு சுரக்கட்டையின் கீழும் ஓர் ஒலிநாடாவை வைத்து உண்மை வாத்தியங்களின் ஒலியைத் தந்தது. 1979இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான பெயார்லைற், ஒலிகளை எண்களாகச் சேமித்து வாசித்தது. 1983இல் மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசும் பொதுமொழியாகிய மிடி வந்தது. 1991இல் அதற்கென வகுக்கப்பட்ட 128 வாத்தியங்களின் பட்டியலில் 33ஆம் இடம் டபிள் பேஸுக்குக் கிடைத்தது.

இடங் கிடைத்தும் குரல் கிடைக்கவில்லை. நினைவகம் அருமையாயிருந்த அந்நாட்களில், ஒரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் பதிந்து, எஞ்சிய பகுதியைச் சிறு துண்டொன்றை மீண்டும் மீண்டும் சுழற்றி நிரப்பினர். ஆனால் மீட்டிய நரம்பின் ஒலி எழுந்த கணத்திலிருந்தே தேய்ந்துகொண்டும் நிறம் மாறிக்கொண்டும் செல்வது. சுழலும் துண்டில் அந்தத் தேய்வு இல்லை. 1998இல் ஜிகாசாம்பிளர் என்ற மென்பொருள், நீண்ட பதிவுகளை வன்தட்டிலிருந்தே நேராக எடுத்து வாசித்து இத்தடையைத் தகர்த்தது. 2009இல் வெளிவந்த திரிலியன் போன்றவை இந்தப் பதிவு வழியில் வளர்ந்தவை. மற்றொரு வழி, பதிவே இன்றி நரம்பின் அசைவைக் கணக்கிட்டு ஒலியை ஆக்குவது. 1983இல் கார்ப்ளஸ், ஸ்ட்ரோங் என்ற இருவர் வெளியிட்ட எளிய கணிப்பு முறை இதற்கு வழிகாட்டிகளுள் ஒன்று. 2022இல் மோடோ பேஸின் இரண்டாம் பதிப்பு டபிள் பேஸையும் இவ்வழியில் தந்தது. பதிவு வழியில் மரத்தின் உண்மைக் குரல் கிடைக்கும். கணிப்பு வழியில் நெகிழ்ச்சி கிடைக்கும்.

ஆயின் தெரிவது எவ்வாறு? முதலில், எந்தக் காலத்துப் பேஸ் வேண்டும் என்று முடிவு செய்க. பேஜின் நடைக்கு 1970களின் மின்னொலி ஒவ்வாது. அடுத்து, ஒரே சுரத்தை எட்டு முறை மீட்டிப் பார்க்க. எட்டும் அச்சடித்தாற்போல் ஒன்றாயிருந்தால் அதை விடுக. மெல்ல மீட்டியதும் வலித்து மீட்டியதும் உரப்பில் மட்டுமன்றி நிறத்திலும் வேறுபட வேண்டும். ஒரு சுரம் அடுத்த சுரத்தின் வாயில்வரை நின்று இயல்பாகக் கைம்மாறுகிறதா என்று கேட்க; இடையில் துண்டிக்கப்பட்டால் நடை நொண்டும். ஒரே சுரத்தைத் திறந்த நரம்பிலும், வேறொரு நரம்பை அழுத்தியும் எழுப்ப வழியுண்டா, வழுக்குதலும் ஓசையடங்கிய தட்டும் உண்டா என்பவற்றையும் நோக்குக.

இறுதியாக, வாத்தியத்தைத் தனியே சோதித்து மயங்காமல், பியானோவோடும் முரசோடும் சேர்த்துச் சிறிய ஒலிபெருக்கியிற் கேட்க. பேஸின் மிகத் தாழ்ந்த நரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சிறிய வானொலிப் பெட்டியால் அதனை எழுப்ப இயலாது. அதன் இரு மடங்கும் மும்மடங்குமான மேலதிர்வுகளைக் கேட்டே நம் செவி அடிச்சுரத்தை உய்த்துணர்கிறது. மேலதிர்வு தெளிவாயில்லாத பேஸ், பெரிய ஒலிபெருக்கியில் முழங்கினாலும் சிறிய பெட்டியில் மறைந்துபோகும். அன்று குழலின் முன் காணாமற்போன வாத்தியம், இன்று நமது கவனக்குறைவால் மீண்டும் காணாமற்போகக் கூடாது.

இத்தனையும் தேறிய வாத்தியம் கிடைத்தபின்னும் ஒன்று எஞ்சும். பதிவு வழியில் அமைந்த ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு கலைஞர் சுரம் சுரமாக மீட்டிய விரலொலி இருக்கிறது. எனினும் அடுத்து எந்தச் சுரம் என்று தீர்மானித்தவர் அவரல்லர். அது நம் பொறுப்பு. பிளாண்டனின் பெருமை அவரது ஒலியில் மட்டும் இருந்திருந்தால், நல்ல பதிவுகளைக் கொண்டு அவரை மீட்டுவிடலாம். அவர் அடுத்த சுரத்தைத் தெரிந்த விதமே அவரை அவராக்கியது. அந்தத் தெரிவை எந்த வன்தட்டிலும் சேமிக்க இயலாது. எனவே கணினியைத் திறக்குமுன் அவரையும் பேஜையும் சேம்பர்ஸையும் பலமுறை கேளுங்கள். வாசிக்க எண்ணிய நடையை முதலில் வாயாற் பாடிப் பாருங்கள். உங்கள் ஊரில் டபிள் பேஸ் வாசிப்பவர் ஒருவர் இருப்பாராயின், ஒரு பாட்டுக்கேனும் அவரை அழையுங்கள். அவர் கையருகே இருந்து கேட்ட செவிக்கு, எந்த நிழல் உண்மைக்கு அணித்து என்பதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.