ஊசி தின்ற புத்தகங்கள்

தென்காசியில் மணப்பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து தரும் கடைகளில் ஒரு பழைய நுட்பத்தைக் காணலாம். தாளில் வரைந்த கொடியையும் மயிலையும் கோட்டின் வழியே ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். அத்தாளைத் துணிமேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் சித்திரம் புள்ளிகளாகத் துணியில் இறங்கும்.

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் இத்தகைய தாள்களே புத்தகங்களாயின. 1520களில் ஆக்ஸ்பர்க் நகரத்து ஷோன்ஸ்பெர்கர் தையல் மாதிரிகளை அச்சிட்டு விற்றார். 1561இல் சூரிச்சில் வெளிவந்த ரேந்தைப் புத்தகத்தை ஆக்கியவர் ஒரு பெண், ஆர்.எம். என்ற இரண்டு எழுத்துகளுக்கு மேல் அவரது பெயரை நூல் சொல்வதில்லை. வின்சியோலோவின் நூல் 1587இல் பாரிசில் வந்து பலமுறை மறுபதிப்புக் கண்டது. எனினும் இவ்வகை நூல்களில் எஞ்சியவை சொற்பமே. வாங்கிய பெண்கள் ஏடுகளைக் கிழித்தெடுத்து, ஊசியால் துளைத்து, நைந்துபோகும்வரை பயன்படுத்தினார்கள். வாசிக்கப்பட்டதாலேயே அழிந்த நூல்கள் அவை.

அந்தக் கலை நம் தென்கோடிக்கும் வந்தது. ‘ரேந்தை’ என்ற சொல்லே போர்த்துக்கீசியம் தந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். துளையிட்ட மாதிரியைத் திண்டின்மேல் பொருத்தி, துளைதோறும் குண்டூசி நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவதே முறை. எழுத்தறியாதவளும் புள்ளிகளை வாசித்துவிடலாம். அன்று திருவிதாங்கூரில் மனிதர்களை விலைக்கு வாங்கி விற்றார்கள். ரேந்தை விற்ற கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தென்காசியும் குற்றாலமும் இடையன்குடியும் அன்று ஒரே திருநெல்வேலிச் சீமை. தாயிடம் கற்ற ரேந்தையை அவர் அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். கணவரின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அது இன்றும் நூலகங்களில் இருக்கிறது. அதை எழுதியவருக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலையும் வைத்தோம்.

அதே வீட்டு முற்றத்தில் பெண்கள் விரலால் வாசித்த தாள்கள் எங்கே? புத்தகம் என்றால் அலமாரியில் நிற்பது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஒருத்தியின் கையில் கூலியாகவும், இன்னொருத்தியின் விடுதலையாகவும் மாறித் தீர்ந்துபோன ஏடுகளுக்கும் நம் வாசிப்பு வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு.