சிலம்பப் பயிற்சியில் பாதத் தசைப்பிடிப்பு

பாதத் தசைப்பிடிப்பு என்பது உள்ளங்காலின் சிறு தசைகள் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் திடீரெனச் சுருங்கி, சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை தளராமல் நிற்கும் கடும் வலியாகும். பேச்சு வழக்கில் நரம்பு இழுத்தல், குரக்குவலி எனப்படும் இது, வெறுங்காலில் ஆடப்படும் சிலம்பத்தில் புதிதாகக் காலடி பழகுவோரை எளிதில் பற்றுகிறது. காலடி என்பது கம்பின் வீச்சுக்கு இசைய முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடியெடுத்து வைத்துத் திரும்பும் முறையாகும்.

பிடிப்பு பெரும்பாலும் விரல்களில்தான் தொடங்குகிறது. திரும்பும்போது குதிகால் மேலெழுந்து உடலின் எடை முழுவதும் முன்பாதத்தில் இறங்க, நிலைதடுமாறுவோம் என்று அஞ்சும் மாணவர் தம்மையறியாமல் விரல்களை மடக்கித் தரையைப் பற்றுகிறார். விரல் நுனிகள் வெளுத்து, உள்ளங்கால் குழிந்து, பெருவிரலின் அடித்தசை கல்போல் இறுகுவதை அருகில் நிற்கும் ஆசான் கண்ணாலேயே காணலாம். தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் முன்வைத்த விளக்கப்படி, களைத்த தசையில் சுருங்கத் தூண்டும் நரம்புக் குறிப்புகள் மிகுந்து, அளவுமீறிய சுருக்கத்தைத் தடுக்கும் தசைநாண் உணர்விகளின் கட்டுப்பாடு தளர்கிறது. முன்பே சுருங்கிய நிலையில் உழைக்கும் தசைக்கு இந்த ஆபத்து மிகுதி. ஆகவே விரல்களை விரித்து, பெருவிரலடி, சுண்டுவிரலடி, குதிகால் ஆகிய மூன்று இடங்களிலும் எடையைப் பகிர்ந்து நிற்கப் பழக்குவதே முதன்மையான தடுப்புமுறை. கம்பைக் கையில் கொடுக்கும் அவசரத்தில் இதைக் கைவிடுவது மாணவருக்குச் செய்யும் தீங்காகும்.

பயிலும் தரையும் கருதத்தக்கது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் பாசனத்துக்கு மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படுவதால், இடைப்பட்ட மாதங்களில் திருச்சி ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்த காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணற்பரப்பு அகன்று, பயிற்சிக்கு ஏற்ற களமாகத் தெரிகிறது. மணல் விழுந்தால் அடிபடாத இடம் என்பது உண்மையே. ஆனால் அதில் நடக்கக் கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஒவ்வோர் அடியிலும் மணல் சரிவதால் பாதத் தசைகள் ஓய்வின்றி உழைக்கின்றன. எனவே தொடக்கநிலை மாணவர் சமமான மண்தரையில் காலடி பழகி, பிறகு ஈரமணலிலும், இறுதியாகவே உலர்மணலிலும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டிக்கொள்வது பொருத்தமானது.

வியர்வையில் வெளியேறும் உப்பு இரண்டாவது காரணம். திருச்சியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கத்திரி வெயிலில் இது முக்கியமாகிறது. இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே ஆய்ந்த கே. நெவில் மாஸ், மிகுதியாக வியர்த்து வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தவர்களுக்குப் பிடிப்பு ஏற்படுவதை 1923இல் எடுத்துக்காட்டினார். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் இந்த வகையில் தண்ணீரைவிடச் சிறந்தவை. பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றுவது அவற்றினும் சிறந்தது.

வாழைப்பழம் தின்றால் பிடிப்பு வராது என்ற நம்பிக்கை, தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ள திருச்சி வட்டாரத்தில் மட்டுமன்றி உலகெங்கும் உண்டு. பழம் நல்ல உணவுதான். எனினும் வியர்வையில் பொட்டாசியம் குறைவாகவே வெளியேறுகிறது, பழத்திலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் சேரவும் அரைமணி நேரமாவது ஆகும் என்பதால், களத்தில் பிடிப்பைத் தீர்க்கும் மருந்தாக அதைக் கருத இயலாது.

பிடிப்பு வந்தவுடன் கம்பைக் கீழே வைத்து அமர்ந்து, குதிகாலை ஊன்றி, விரல்களைக் கையால் பற்றி முழங்காலை நோக்கி மெல்ல இழுத்து, இறுக்கம் தளரும்வரை பிடித்திருக்க வேண்டும். வெட்டி இழுப்பதும் காலை உதறுவதும் தசைநாரைக் கிழிக்கக்கூடும். அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்துவதே முறை, ஏனெனில் ஒருமுறை பிடித்த தசை அடுத்த சில மணி நேரத்துக்கு எளிதில் மீண்டும் பிடித்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், சிறுநீரைப் பெருக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும், ஓய்விலும் உறக்கத்திலும் அடிக்கடி பிடிப்பு வருபவர்களுக்கும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சியைத் தொடர வேண்டும்.