சுழலும் துளியின் வடிவம்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் முத்துகளைத் தரம் பிரித்தவர்கள், உருட்சி குறையாததை ஆணிமுத்து என்று தனியே வைத்தார்கள். புதுக்கோட்டையில் இருந்துகொண்டு அணுக்கருவைப் பற்றிப் படிக்கையில் அச்சொல்தான் நினைவுக்கு வருகிறது. அணுக்கரு எப்போதும் ஆணிமுத்தன்று. சுழற்சி மிகுந்தால் அதன் வடிவம் மாறும்.

இந்த வரலாறு வானத்தில் தொடங்குகிறது. சுழலும் பூமி துருவங்களில் தட்டையாக இருக்கும் என்று 1687இல் நியூட்டன் கணித்தார். சுழலும் திரவம் மூன்று அச்சுகளும் சமமற்ற நீள்வடிவிலும் நிலைகொள்ள இயலும் என்று 1834இல் ஜாகோபி காட்டினார். பாதியில் நின்றுபோன இக்கணக்கை 1960களில் மீண்டும் கையிலெடுத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர். 1969இல் அது நூலாயிற்று.

விண்மீனைக் கட்டுவது ஈர்ப்பு. அணுக்கருவையோ நீர்த்துளிக்கு உள்ளது போன்ற பரப்பு இழுவிசை கட்டுகிறது. மின்விலக்கம் பிரிக்கப் பார்க்கிறது. 1974இல் கோஹன், பிளாசில், ஸ்வியாடெக்கி மூவரும் இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்துக் கணித்தனர். பின்னர் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தில் நியான் அயனிகளை அலுமினியத்தில் மோதவிட்டு, பிறந்த வனேடியம்-47 கருவின் காமாக் கதிர்களில் ஜாகோபி வடிவின் தடயத்தைக் கண்டனர். முடிவு 2010இல் வெளியாயிற்று.

பழைய ஏட்டைப் புரட்டுவதால் என்ன பயன் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. விண்ணுக்கென எழுதிய கணக்கு, நூற்றெழுபத்தாறு ஆண்டுகள் கழித்து அணுவுக்குள் பொருள்பட்டது. வேறு பதில் என்னிடம் இல்லை.