தாயின் கைக்குச் சென்ற ஐந்து ஷில்லிங்

ஊதியம் உழைப்பைக் கணக்கிடுமேயன்றி, உண்ணும் வாய்களைக் கணக்கிடுவதில்லை. மணமாகாதவனும் ஐந்து பிள்ளைகளின் தந்தையும் ஒரே ஆலையில் ஒரே கூலியைப் பெறுவர். ஒருவனுக்குப் போதுமான கூலி, மற்றவன் வீட்டில் பட்டினியாக மாறுகிறது. இவ்வுண்மையை உணர்ந்து பரிகாரம் தேடிய நாடுகளுள் பிரிட்டனும் ஒன்றாகும்.

1899ஆம் ஆண்டில் சீபோம் ரௌன்ட்ரி என்பார் யார்க் நகரத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்தார். உழைப்பாளியை வறுமை மும்முறை வாட்டுகிறது எனக் கண்டார்: குழந்தைப் பருவத்தில், குழந்தைகளை வளர்க்கும் காலத்தில், முதுமையில். முதலிரண்டும் ஒரே வறுமையின் இரு முகங்களே.

பிள்ளை வளர்ப்பு சமுதாயத்திற்குச் செய்யும் தொண்டு. ஆதலின் அச்செலவில் ஒரு பங்கைச் சமுதாயமே ஏற்க வேண்டும் என்று 1924இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார் எலினோர் ராத்போன் அம்மையார். 1929இல் அவர் நாடாளுமன்றம் புகுந்தார். இவ்வுதவி கூலியைக் குறைக்க வழிகோலும் எனத் தொழிற்சங்கத்தினர் பலர் அஞ்சினர். ஆயினும், 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை இக்கோரிக்கையை ஏற்றுக்கொண்டது.

1945இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் உருவாயிற்று. முதலில் வரையப்பெற்ற மசோதா அப்பணத்தைத் தந்தைக்கே உரியதாக்கியது. அம்மையார் கடுமையாக எதிர்க்கவே, தாய்க்கு வழங்குவதென முடிவாயிற்று. இரண்டாம் குழந்தை முதல் ஒவ்வொன்றுக்கும் வாரந்தோறும் 5 ஷில்லிங். 1946 ஆகஸ்டில் முதல் தொகை வழங்கப்பட்டது. அதனைக் காண அம்மையார் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

ஆனால் 5 ஷில்லிங் சிறு தொகையே. வேலையுள்ள தந்தையரின் வீடுகளிலும் குழந்தைகள் வறுமையில் வாடுவதை 1965இல் ஏபல்சுமித், டவுன்சென்டு ஆகிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். மற்றொரு முரண்பாடும் இருந்தது. பிள்ளைகளுக்கான வருமானவரிச் சலுகை, வரி செலுத்துவோர்க்கே பயன்பட்டது. வரி செலுத்தும் அளவிற்கு வருமானமில்லாத ஏழைக்கு அதனால் ஒரு காசும் கிட்டவில்லை.

1975இல் இயற்றப்பெற்று 1977இல் நடைமுறைக்கு வந்த குழந்தை நலத்தொகைச் சட்டம் இக்குறையைக் களைந்தது. வரிச்சலுகையும் உதவித்தொகையும் படிப்படியாக ஒன்றாக்கப்பட்டன, முதற்குழந்தையும் சேர்க்கப்பட்டது. 1979இல் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 4 பவுன் கிடைத்தது. செல்வருக்கு அது சிறு துளி. வறியவர்க்கோ வாரச் செலவில் ஒரு கணிசமான பங்கு. ஒரே தொகை இருவர்க்கும் சென்றபோதும், ஏற்றத்தாழ்வு சற்றே குறைவதன் காரணம் இதுவே.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் தெளிவானது. அரசு கொடுக்கிறதா என்பது மட்டும் வினாவன்று. எவ்வளவு கொடுக்கிறது, யாரை விட்டுவிடுகிறது, யார் கையில் கொடுக்கிறது என்பனவும் வினாக்களே. அவற்றிற்குரிய விடையே குழந்தையின் உணவுத் தட்டை நிரப்புகிறது. அன்றேல் வெறுமையாக விடுகிறது.