பிரதானி எழுதிய கடிதம்

கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு மாலை. நண்பர் ஜப்பானியக் கதையொன்றைச் சொன்னார். 1701-இல் பிரபு அஸானோ வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி தண்டிக்கப்பட்டார். அவருடைய சாமுராய்கள் 47 பேர் பொறுமையாகக் காத்திருந்து, 1703-இல் பழி தீர்த்தார்களாம்.

"நம் சீமையில் இப்படி யார் ஐயா இருந்தார்கள்?" என்றார்.

நான் மேற்கே கை காட்டினேன். அந்தத் திசையில்தான் காளையார்கோவில். 1772 ஜூனில் கும்பினிப் படையும் நவாபின் படையும் சூழ்ந்துகொள்ள, சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அங்கே வீழ்ந்தார். அரசி வேலு நாச்சியார் மகளுடன் விருப்பாட்சிக்குத் தப்பினார். உடன் சென்றவர்களில் ஒருவர் முதிய பிரதானி தாண்டவராய பிள்ளை.

எஜமானர் போய்விட்டார், நாடும் போய்விட்டது. நவாபுக்குத் தலை வணங்கியிருந்தால் கிழவர் சுகமாகவே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ அந்த டிசம்பரிலேயே ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார்: 5,000 குதிரைப் படையும் 5,000 காலாட்படையும் வேண்டும் என்று!

உதவி வருமுன் மரணம் வந்துவிட்டது. 1780-இல் மருது சகோதரர்களின் துணையோடு அரசி சிவகங்கையை மீட்டபோது, அதைக் காணப் பிள்ளை இல்லை.

அந்த 47 பேரும் தங்கள் காரியம் முடிந்ததைக் கண்ணால் கண்டவர்கள். காணக் கொடுத்து வைக்காதவர் எழுதிய அந்தக் கடிதத்தைத்தான் நான் பெரிதென்பேன்.