டவுன் ஹால் வாயிலில் நான்கு சைக்கிள்கள்

கல்கத்தாவின் டவுன் ஹாலைப் பற்றிப் பேசுவோர், 1905 ஆகஸ்டு 7-ஆம் நாள் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் அங்கே நிறைவேறியதைத் தவறாது குறிப்பிடுவர். அதே மண்டபத்தின் வாயிலிலிருந்து 1926 டிசம்பர் 12-ஆம் நாள் நான்கு வாலிபர்கள் சைக்கிள் ஏறிப் புறப்பட்டதை அவ்வளவாக எவரும் சொல்வதில்லை. அசோக் முகர்ஜி, ஆனந்த முகர்ஜி, மணீந்திர கோஷ், பிமல் முகர்ஜி என்பன அவர்களுடைய பெயர்கள். உலகைச் சுற்றி வருவது நோக்கம். கையிலிருந்த பணமோ சொற்பம்.

வங்காளத்துக் கனவான்களிடையே சைக்கிள் மோகம் அதற்கு முன்பே தோன்றிவிட்டது. 'குந்தலீன்' கூந்தல் தைலத்தால் புகழ் பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ் ஒரு சைக்கிள் கடையும் நடத்தினார். விஞ்ஞானிகளான ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவரிடமே சைக்கிள் ஏறக் கற்றனர் என்பர். ஆசாரிய ராய் சைக்கிளில் தடுமாறும் காட்சியைக் கற்பனை செய்வதிலும் ஓர் இன்பம் உண்டு! ஆனால் விளையாட்டுக்கு அப்பாலும் ஒரு காரணம் இருந்ததென நாம் கருதுகிறோம். வங்காளியர் உடல் வலுவற்றவர், வீரமற்றவர் என்று மெக்காலே 1841-இல் எழுதிவைத்த வசைச்சொல், அம்மாகாணத்து இளைஞரை மூன்று தலைமுறைகள் உறுத்தி வந்தது. தேகப் பயிற்சிக் கழகங்கள் பெருகியது அந்த உறுத்தலினாலேயே. நெடுந்தூரச் சைக்கிள் பிரயாணமும் அவ்வழியில் பிறந்ததே.

நால்வரும் முதலில் கடக்க வேண்டியிருந்தது இந்தியாவை. இன்றைய ஹௌரா பாலம் அப்போது இல்லை. அது திறக்கப்பட்டது 1943-இல். ஹூக்ளியின் மேல் இருந்தது 1874-இல் அமைத்த மிதவைப் பாலந்தான். மேற்கே கராச்சித் துறைமுகம் வரையுள்ள தூரம் ஆகாய மார்க்கமாகவே 2,000 கிலோமீட்டருக்கு மேல். இவர்கள் மிதித்தது கியர் ஏதுமற்ற சாதாரணச் சைக்கிள்கள். இத்தகைய பிரயாணத்தில் துணையின் அருமையை எளிதில் உணரலாம். பஞ்சர் ஒட்டும் சாமான்களைப் பங்கிட்டுச் சுமக்கலாம். ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் மற்றவன் கிணறு தேடிப் போகலாம். பிமல் இதற்குப் புதியவரல்லர். 1921 முதலே இந்தியாவுக்குள் சைக்கிளில் சுற்றிப் பழகியவர்.

இந்தியாவைத் தாண்டி அரேபியா, சிரியா, துருக்கி வழியாகப் பிரயாணம் நீண்டது. ஆயினும் குழு நிலைக்கவில்லை. தோழர்கள் பிரிந்தனர், இறுதிவரை சென்றவர் பிமல் ஒருவரே. போகுமிடங்களில் உழைத்துச் சம்பாதித்து, அப்பணத்தில் மேலும் பிரயாணம் செய்து, 1937-இல் அவர் தாயகம் திரும்பினார். புறப்படுகையில் இருபத்து மூன்று வயதினராயிருந்தவர், திரும்புகையில் முப்பதைக் கடந்திருந்தார்.

உலகைச் சைக்கிளில் சுற்றிய முதல் இந்தியர் இவரே என்று வங்க நண்பர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அது சரியன்று. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்ஸி இளைஞர் அறுவர் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் பிரயாணத்தை முடித்துத் திரும்பினர். சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த ராம்நாத் விசுவாஸ் 1931-இல் சிங்கப்பூரிலிருந்து தனியே கிளம்பினார். 'முதல்வர்' பட்டம் யாருக்கு என்னும் வழக்கைவிட, அறுவர் மூவரானதும் நால்வர் ஒருவரானதுமே நம் சிந்தனையைக் கவர்கின்றன.

அவர்களை வழியனுப்பிய நகரிலேயே பிற்காலத்தில் சைக்கிளுக்கு இடம் சுருங்கியது. 2008 முதல் போலீஸார் பல வீதிகளில் சைக்கிளைத் தடுக்கத் தொடங்கினர். 2013-இல் அத்தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. பின்னர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பால்காரரும் பத்திரிகை போடுபவரும் இதனால் பட்ட துன்பத்தை, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் தமிழன்பர்கள் நேரில் கண்டவர்களே.

பிமல் தம் அனுபவங்களை 'து சாகாய் துனியா' என்னும் நூலாக்கினார். அது வெளிவந்தபோது பிரயாணம் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தலைப்பு ஒரு சோதனை. 'இரு சக்கரங்களில் உலகம்' என்றால் பொருள் வருகிறது, ஓசை போய்விடுகிறது. உடன் புறப்பட்ட மூவரையும் நாம் அறிவது பெரும்பாலும் இந்நூல் வாயிலாகத்தான்.