வலியைச் செய்யப் பார்த்த டாக்டர்

அழுத்தினால் மின்தடை குறைகிற பொருட்களின் வரலாற்றை எடுத்தால், எல்லாரும் எடிசனின் 1877 டெலிபோனில்தான் ஆரம்பிக்கிறார்கள். குரல் அதிர்ந்து கரி வில்லையை அழுத்தும், மின்சாரம் கூடும் குறையும், அவ்வளவுதான். ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கரித்தூள் கலந்தாலும் கிட்டத்தட்ட அதே கதை. துகள்கள் போதுமான அளவு இருந்தால் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்துக்கு வழி உண்டாகும். அழுத்தினால் வழிகள் கூடும்.

இது எதற்கு வேண்டும் என்ற கேள்விக்கு வேலூர் போக வேண்டும்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும்னு டாக்டர்களே நம்பிய காலம். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்வு போய்விடுகிறது. பிறகு சூடான பாத்திரம், செருப்பு ஆணி, நடக்கும்போது பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம், இவைதான் புண்ணாக்குகின்றன. நமக்கென்றால் லேசாக வலித்ததுமே நடை தானாக மாறிவிடும்.

தொடு உணர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் திருப்பாலைவனம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் கலங்கல் தண்ணிக்குள் சேற்றைத் தடவியே இறால் பிடிக்கும் பெண்கள் உண்டு. சிப்பியா, கல்லா, இறாலா என்பதை விரல்தான் சொல்லும்.

அந்த விரலைச் செய்துவிடலாம் என்று பிராண்ட் நினைத்தார். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், முதலில் சாயம் அடைத்த நுண்குமிழ்கள் கொண்ட காலுறையைச் சோதித்தார். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ் உடைந்து நிறம் காட்டும். அடுத்து எஞ்சினியர்களைச் சேர்த்துக்கொண்டு, கையுறையிலும் காலணியிலும் மின் சென்சார்கள். அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஒலி.

ஒலியை யாரும் சட்டை செய்யவில்லை. உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குத் துடித்தார்கள்தான். ஆனால் முடிக்க வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள்! 1993-ல் வந்த தன் புத்தகத்தில் பிராண்டே இதை எழுதியிருக்கிறார்.

சென்சாரின் கோளாறுகள் எனக்கும் கொஞ்சம் பழக்கம். வெலோஸ்டாட் என்ற கரி கலந்த தாள் மேல் ஒரு எடையை வைத்துவிட்டுப் பாருங்கள். எடை மாறாது, ஆனால் எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே பாலிமர் மெதுவாக இணங்குவதால். இதை ஓரளவு புரோகிராமில் திருத்தலாம். சுவிட்சை அணைக்கும் கையை என்ன செய்வது? ராத்திரி இரண்டு மணிக்கு வரும் அலர்ட்டை மியூட் செய்யாத ஆள் எங்கள் தொழிலில் உண்டா? நிஜ வலிக்கு அந்தப் பட்டன் கிடையாது.

திட்டம் கைவிடப்பட்டது. தங்கியது வேலூர்க் காலத்துச் செருப்புதான். நுண்ணறைகள் கொண்ட மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும். உணர்விழந்த கால்களுக்கு அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இன்றும் இலவசமாகத் தருவது அதைத்தான்.